மூட்டை தாங்குமா?

1981 சித்திரை. திண்டிவனத்தில் நான் வேலை பழகிய பட்டறைக்கு என் அப்பா மாட்டுவண்டியோடு வந்து நின்றார். வண்டி நிறைய மல்லாட்டை மூட்டை. எடை போட்டுப் பணம் கைக்கு வரப் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், அதுவரை மாட்டை எங்கள் பட்டறை நிழலில் கட்டிவைக்க வந்திருந்தார். வாசலில் புத்தம் புது டிவிஎஸ் 50 ஒன்று நின்றிருந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கியது. முதல் சர்வீசுக்கு விட்டுப் போயிருந்தார். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு பின் கேரியரை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினார்.

"ஏம்பா, இது மூட்டை தாங்குமா?"

"ரெண்டு ஆள் போலாம்னு கம்பெனிக்காரன் சொல்றான். மூட்டையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார் எங்கள் மேஸ்திரி.

"ரெண்டு ஆளத் தாங்குறது ஒரு மூட்டையத் தாங்காதா?" என்று கேட்டுவிட்டு அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான் அப்போது பதினேழு வயதுப் பையன். அதற்குப் பிறகு இந்தக் கம்பெனியின் விளம்பரம் பல முறை மாறியதைப் பார்த்துவிட்டேன். தலைமையில் இருந்தவர்கள் மாறினார்கள், பெயர்கூட மாறித் திரும்பி வந்தது. ஆனால் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் என் கடைக்கு வந்து, புது வண்டி எடுக்கலாமா என்று யோசனை கேட்பவர்கள் இன்றைக்கும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். கம்பெனியின் வரலாற்றை எழுதுபவர்கள் ஓசூரிலும் சென்னையிலும் இருந்து எழுதுகிறார்கள். கேரியர் பக்கத்திலிருந்து ஒருவன் எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற வழியில், ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கிற கூட்ரோடு கூட்டேரிப்பட்டு. ஒரு கை மயிலம் முருகன் கோயிலுக்கும் அதைத் தாண்டிப் புதுச்சேரிக்கும் போகும். எதிர்க் கை ரெட்டணைப் பக்கம் போகும். 1987ல் இங்கே ஒரு புளியமரத்தடியில் கீற்றுக்கொட்டகை போட்டேன். அன்றைக்கு நாங்கள் தென்னாற்காடு மாவட்டம். 1993ல் மாவட்டம் பிரிந்து விழுப்புரம் ஆனது. நான்குவழிச் சாலை வந்தபோது புளியமரமும் போனது, கொட்டகையும் போனது. இப்போது மயிலம் ரோட்டில் தகரக் கூரை போட்டு, மகனோடு வேலை பார்க்கிறேன்.

டிவிஎஸ் என்ற மூன்றெழுத்து எங்கள் பக்கத்துக்கு மொபெட்டாக வந்தது. மதுரைக்காரர்களுக்கு அது பஸ். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911ல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் அது. டிவிஎஸ் பஸ் கடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்களாம். இதைத் தெற்கிலிருந்து வரும் லாரி டிரைவர்கள் என் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். மாட்டு லாடத்திலிருந்து உதிரும் ஆணிகள் பஸ் டயரில் ஏறாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை விட்டு ரோட்டில் கிடக்கும் ஆணியை எல்லாம் பொறுக்கி எடுப்பார்கள் என்ற கதையையும் அவர்களிடம்தான் கேட்டேன். பஞ்சர் ஒட்டிப் பிழைத்தவன் நான். அந்த ஆணிக் கதையைக் கேட்ட அன்று, பார்க்காத அந்தப் பெரியவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டுகிற டிவிஎஸ் கேஸ் பிளான்ட்டைச் செய்து கொடுத்தவர்களும் இவர்கள்தான்.

பஸ் நேரத்துக்கு வந்தது, நடுவழியில் நிற்கவில்லை. ஊர் அதைப் பேசியது. அதற்கு மேல் ஒரு விளம்பரம் அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சுந்தரம் ஐயங்கார் 1955ல் காலமானார். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா என்று நான்கு மகன்கள் தொழிலைக் கிளை கிளையாக வளர்த்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழக அரசு பஸ்களை நாட்டுடைமை ஆக்கியபோது பஸ் தொழில் கைவிட்டுப் போனது. அதற்குப் பல ஆண்டு முன்பே, 1962ல், டி.எஸ். சீனிவாசன் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து சுந்தரம் கிளேட்டனைத் தொடங்கிவிட்டிருந்தார். சென்னை பாடியில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் செய்த கம்பெனி அது. மொபெட் அந்த பிரேக் கம்பெனியின் ஒரு பிரிவாகத்தான் ஓசூரில் பிறந்தது.

சீனிவாசனின் மகன் வேணு சீனிவாசன் 1979ல் பொறுப்புக்கு வந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படித்தவர். பள்ளி விடுமுறையில் குடும்பத்தின் கராஜில் மெக்கானிக் வேலை பழகியவர் என்றும் படித்திருக்கிறேன். ஸ்பேனர் பிடித்த கை என்றால் எனக்கு ஒரு ஒட்டுதல். மறு வருடம், 1980ல், டிவிஎஸ் 50 வெளியே வந்தது.

அந்த நாளில் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். ஏழைபாழைக்கு மொபெட்தான். மகாராஷ்டிரத்திலிருந்து லூனா 1972லேயே வந்துவிட்டது. திருப்பதியில் செய்த சுவேகாவும் எங்கள் பட்டறைக்கு வரும். அவற்றை எல்லாம் மோட்டார் வைத்த சைக்கிள் என்று சொன்னால் தப்பில்லை. டிவிஎஸ் 50 இந்தியாவில் இரண்டு பேர் உட்கார என்றே செய்த முதல் மொபெட். கம்பெனி மனதில் வைத்திருந்தது புருஷனையும் பெண்டாட்டியையும். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பின் சீட்டில் மூட்டையை உட்கார வைத்தார்கள்.

வண்டியும் எங்கள் கைக்கு அடங்கியது. பெடலை மிதித்துக் கிளப்ப வேண்டும். பெட்ரோலோடு டூ-டி ஆயிலை அளந்து ஊற்ற வேண்டும். ஆயில் கூடினால் சைலன்சரில் கரி அடைத்து இழுவை போய்விடும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சைலன்சரைக் கழற்றி வைக்கோல் தீயில் போட்டுச் சுட்டு, ஆறின பிறகு தட்டினால் கரி கட்டி கட்டியாக உதிரும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினால் வண்டி புதிது போல ஓடும். கிராமத்து மெக்கானிக் ஒருவன் நான்கு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் வைத்துக்கொண்டு பிழைக்க முடிந்தது. என்னைப் போல நூற்றுக்கணக்கான பையன்களை ரோட்டோரத்தில் முதலாளியாக்கியது அந்த வண்டி. கம்பெனி திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. ஆனாலும் அவர்கள் வண்டியை ஊர் ஊராக விற்றுக் கொடுத்ததில் எங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வாங்கலாமா என்று கேட்டு வருகிறவன் மெக்கானிக் சொல்வதைத்தான் நம்புவான்.

எண்பதுகளில் விளம்பரம் என்றால் சுவர். டீலர் அனுப்பிய ஓவியர் ஒருவர் ஏணியும் டப்பாக்களுமாக வந்து, கூட்ரோட்டு அரிசி மண்டிச் சுவரில் வெள்ளை அடித்து, அதன்மேல் 'டிவிஎஸ் 50' என்று ஆள் உயரத்துக்கு எழுதினார். படம் இல்லை, வாசகம் இல்லை. பெயர், டீலர் பெயர், ஊர், அவ்வளவுதான். மயிலம் பங்குனி உத்திரத் தேருக்கு வருகிற ஜனம் முழுக்க அந்தச் சுவரைக் கடந்துதான் போகும். பத்து வருடம் அந்த எழுத்து மங்கி மங்கி நின்றது. சுவரில் எழுதியதைவிட, அதே சுவருக்குக் கீழே இரண்டு பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற வண்டியைப் பார்த்து வாங்கியவர்கள் அதிகம்.

பிறகு ஜப்பான் வந்தது. 1982ல் சுசுகியோடு கூட்டு, 1984ல் இண்ட்-சுசுகி என்ற 100 சிசி பைக். அடுத்தடுத்து ஹீரோ ஹோண்டாவும், யமஹா ஆர்எக்ஸ் 100ம், பஜாஜ் கவாசாகியும் இறங்கின. ஓசூர்க் கம்பெனியின் பெயரே டிவிஎஸ்-சுசுகி ஆனது. அப்போதுதான் விளம்பரத்தின் குரல் மாறியதை நான் கவனித்தேன். அதுவரை வண்டி என்ன வேலை செய்யும் என்று சொன்னவர்கள், வண்டியில் உட்கார்ந்தால் நீ யார் ஆவாய் என்று சொல்லத் தொடங்கினார்கள். சாமுராய் என்று ஒரு பைக். 'நோ ப்ராப்ளம்' என்று விளம்பரம் செய்தார்கள். எங்கள் பக்கத்தில் சாமுராய் என்ற சொல் யார் வாயிலும் நுழையவில்லை. 'நோ ப்ராப்ளம் வண்டி' என்றே கேட்டு வாங்கினார்கள். ஒரு விளம்பர வாசகம் வண்டியின் பெயராகவே ஆனதை என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். ஆனால் பெட்ரோல் விலை ஏற ஏற, மைலேஜ் கூடிய நான்கு ஸ்ட்ரோக் ஹீரோ ஹோண்டா பக்கம் ஜனம் சாய்ந்தது. இரண்டு ஸ்ட்ரோக் பைக்கின் இழுவையை நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை.

தொண்ணூறு வாக்கில் ஓசூரில் தொழிலாளர் தகராறு முற்றி, ஆலை கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல எனக்கு அங்கே நின்ற அனுபவம் இல்லை. நான் பார்த்தது அதற்குப் பிறகு வந்த மாற்றத்தை. தலைமையின் பேச்சில் தரம் என்ற சொல் உட்கார்ந்துகொண்டது. எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கர், போரில் நொறுங்கிய ஜப்பானுக்குப் போய், சரக்கு கெட்ட பிறகு பொறுக்கி எறிவதைவிட, கெடாமல் செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தவர். அவர் பெயரில் ஜப்பானியர் கொடுக்கும் பரிசை 1998ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவும், 2002ல் டிவிஎஸ் மோட்டாரும் வாங்கின. வேலை செய்கிற ஆளே யோசனை சொல்ல வேண்டும், தப்பு நடந்தால் ஆளைத் திட்டாமல் முறையைத் திருத்த வேண்டும் என்பது அந்தப் பாடம். பேப்பரில் படித்தபோது புரியவில்லை. ஒரு நாள் ஒரே அட்டைப்பெட்டியில் வந்த இருபது புஷ்ஷை அடுத்தடுத்து மாட்டிப் பார்த்தேன். இருபதும் ஒரே மாதிரி உட்கார்ந்தன. பழைய நாளில் அரம் வைத்துத் தேய்க்காமல் எந்த உதிரிப் பாகமும் உட்காராது. அரத்தை எடுத்துச் சட்டத்தில் மாட்டிவிட்டேன். அன்றைக்குத்தான் டெமிங் புரிந்தார்.

1996ல் சீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் என்று தொடங்கிக் கிராமங்களில் பள்ளி, சுகாதாரம், பெண்கள் குழு என்று வேலை செய்ய ஆரம்பித்தார்கள். காந்திகிராமத்தை நிறுவிய சௌந்தரம் அம்மாளும் சுந்தரம் ஐயங்காரின் மகள்தான் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அந்தக் குடும்பத்தின் ஒரு நரம்பு அப்படி ஓடுகிறது.

2001ல் சுசுகியும் டிவிஎஸ்ஸும் பிரிந்தன. பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு என் கடையில் பெரிய விவாதம் நடந்தது. ஜப்பான்காரன் இல்லாமல் இவர்களால் ஒரு இன்ஜின் செய்ய முடியுமா என்று கேட்டவர்களே அதிகம். அந்த வருடமே விக்டர் வந்தது. இவர்களே வரைந்து, இவர்களே வார்த்த 110 சிசி நான்கு ஸ்ட்ரோக். அதை விற்க சச்சின் டெண்டுல்கரைக் கூட்டி வந்தார்கள். பிறகு ஸ்டார் சிட்டிக்கு தோனி. சுவரில் வெறும் பெயர் எழுதிய கம்பெனி இப்போது டிவியில் கிரிக்கெட் இடைவேளையில் பேசியது. சச்சின் சிரிக்கும் விக்டர் காலண்டர் பல வருடம் என் கடையில் தொங்கியது. பையன்கள் வண்டியை விட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்து நிற்பார்கள். எனக்கு அதில் குறையில்லை. ஜப்பான் பெயர் போன பிறகு, வாங்குகிறவன் மனதில் இருந்த பயத்தைப் போக்க நாடே நம்பும் ஒரு முகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த நேரத்தில் அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். வண்டியும் முகத்துக்கு ஏற்றாற்போல் இருந்தது. நான் பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

ஸ்கூட்டி கதை வேறு. தொண்ணூறுகளின் நடுவில் வந்த அந்தச் சிறு ஸ்கூட்டரைப் பெண்களுக்கான வண்டி என்று சொல்லி விற்றார்கள். அனுஷ்கா சர்மா போன்ற நடிகைகளை வைத்து விளம்பரம் எடுத்தார்கள். பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளும் நடத்தினார்கள். எங்கள் ஊர்களில் அது பெரிய காரியம். என் மகள் கல்லூரிக்குப் போக ஸ்கூட்டி எடுத்தபோது, தெருவில் முதல் நாள் வேடிக்கை பார்த்தவர்கள் மறு மாதமே வந்து, "என் பொண்ணுக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லு மேஸ்திரி" என்று கேட்டார்கள். பிறகு 2018ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் கொடுக்கும் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. எந்தக் கம்பெனி ஸ்கூட்டராக இருந்தாலும் சரி, மயிலம் ரோட்டில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் போதும். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெண்கள் தாங்களே வண்டி ஓட்டிப் போகிறார்கள். ஒரு விளம்பரம் பொருளை விற்றதோடு நிற்காமல் தெருவின் பழக்கத்தையும் மாற்றியது.

இந்த ஆரவாரத்தில் மொபெட் என்ன ஆனது என்று கேட்க வேண்டும். டிவிஎஸ் 50, எக்ஸெல் ஆனது. எக்ஸெல், எக்ஸெல் சூப்பர் ஆனது. பெடல் போய்க் கிக்கர் வந்தது. காலடியில் தட்டையான இடம் வந்தது. அங்கே கேஸ் சிலிண்டர் நிற்கும், தண்ணீர்க் குடம் நிற்கும், செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டியும் நிற்கும். மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாக மொபெட்டைக் கைவிட்டன. லூனாவும் நின்றது. டிவிஎஸ் மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் சச்சினும் தோனியும் எக்ஸெல்லுக்கு இல்லை. வீட்டில் மூத்த பிள்ளை உழைத்துப் போட, இளையவனுக்குப் புதுச் சட்டை எடுப்பது போல எனக்குத் தோன்றும். மரக்காணத்து மீனும், வயலிலிருந்து சாமந்திக் கூடையும், சாணை பிடிக்கிறவரின் கல்லும், பாத்திரக்காரரின் அண்டாக் குவியலும் எக்ஸெல்லில்தான் இந்தக் கூட்ரோட்டைக் கடந்து போயின. நான் என் கையால் எத்தனை கேரியருக்கு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்திருக்கிறேன், எத்தனை பின் சக்கரத்துக்கு ஸ்போக்ஸ் இழுத்துக் கட்டியிருக்கிறேன்!

ஒரு நாள் டீலர் கடையிலிருந்து ஒரு புது எக்ஸெல் சூப்பர் நேராக என் கடைக்கு வந்தது, வழக்கம் போலக் கேரியர் போட. பக்கவாட்டில் 'ஹெவி டியூட்டி' என்று ஸ்டிக்கர். அதைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டேன். அப்பா கேரியரை அழுத்திக் கேட்ட கேள்விக்குக் கம்பெனி எழுத்தில் கொடுத்த பதில் அது. வந்து சேர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அப்போது அப்பா இல்லை. இரண்டு பேர் போக வண்டி செய்தவர்களுக்கு, அது சுமை வண்டி என்று சொல்லிக்கொடுத்தது நாட்டுப்புறத்து ஜனம். கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் அந்தக் கம்பெனியிடம் எனக்குப் பிடித்த குணம். 2015ல் வந்த எக்ஸெல் 100ஐப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், சுமை வைக்கக் கழற்றி எடுக்கக்கூடிய பின் சீட்டு, பிறகு செல்போன் சார்ஜ் போட ஒரு துளை, பட்டனில் ஸ்டார்ட். ஒவ்வொன்றும் ரோட்டோரத்தில் ஜனம் தானே செய்துகொண்டிருந்ததைப் பார்த்துச் செய்தது.

விற்கிற முறையும் மாறிவிட்டது. முன்பு மல்லாட்டை விற்ற பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போய் வண்டி எடுப்பார்கள். இப்போது கூட்ரோட்டில் பந்தல் போட்டு, ஸ்பீக்கர் வைத்து, ஆதார் நகலும் முன்பணம் கொஞ்சமும் இருந்தால் சாவி கைக்கு வரும். யாரும் பிரேக்கைப் பற்றியோ செயினைப் பற்றியோ விளக்குவதில்லை, தவணையை மட்டும் சொல்கிறார்கள். மூன்று தவணை தவறிய ஒரு தர்ப்பூசணி வியாபாரியின் வண்டியை, பழத்தை ரோட்டில் இறக்கி வைத்துவிட்டுத் தூக்கிப்போன ஒரு கடன் கம்பெனியின் ஆட்களை என் கண்ணால் பார்த்தேன். நான் போய்ப் பேசினேன், கேட்கவில்லை. அன்று மாலை வரை அந்த மனிதர் பழக்குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரும்பை விற்ற காலத்தில் வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் நடுவில் மெக்கானிக் இருந்தான். தவணையை விற்கும் காலத்தில் அந்த இடத்தில் ஒரு கையெழுத்துதான் இருக்கிறது.

2020ல் இரண்டு செய்தி. ஜனவரியில் ஐக்யூப் என்ற பேட்டரி ஸ்கூட்டரைப் பெங்களூரில் அறிமுகம் செய்தார்கள். ஏப்ரலில், ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் கிடந்தபோது, இங்கிலாந்தின் நார்ட்டன் பைக் கம்பெனியை 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். நார்ட்டன் 1898ல் தொடங்கியது, டிவிஎஸ்ஸைவிடப் பதிமூன்று வயது மூத்தது. இங்கிலாந்துக்காரரோடு கூட்டுச் சேர்ந்து பிரேக் செய்யப் பழகிய குடும்பம், அங்கேயே போய்க் கம்பெனி வாங்கியிருக்கிறது. கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்த அன்று, வேலையில்லாத கவலைக்கு நடுவிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

தலைமையும் கைமாறியது. பெரிய டிவிஎஸ் குடும்பம் தன் தொழில்களைக் கிளைவாரியாகப் பிரித்துக்கொண்டது. 2022ல் வேணு சீனிவாசன் தலைவர் பதவியிலிருந்து விலக, ஜாகுவார் லேண்ட் ரோவரை நடத்திய ஜெர்மானியர் ரால்ஃப் ஸ்பெத் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குடும்பத்துக்கு வெளியே, நாட்டுக்கும் வெளியே இருந்து ஒரு தலைவர். அதே ஆண்டு மகன் சுதர்சன் வேணு மேலாண்மை இயக்குநர் ஆனார். 2025 ஆகஸ்டில் அவரே தலைவரும் ஆனார். அப்பா காலத்துப் பேச்சில் தரம், கட்டுப்பாடு, ஆலை. மகன் காலத்துப் பேச்சில் உலகச் சந்தை, மின்வண்டி, பிராண்ட். 2023ல் டிவிஎஸ் எக்ஸ் என்ற விலை கூடிய மின் ஸ்கூட்டரை இந்தியாவில் அறிமுகம் செய்யவில்லை. துபாயில் செய்தார்கள். என் மகன் செல்போனில் அந்த விழாவைக் காட்டினான். எங்கள் அரிசி மண்டிச் சுவரில் ஏணி போட்டு எழுதியதைப் பார்த்தவன், அந்த வெளிச்சத்தையும் பார்த்தேன். இரண்டையும் ஒரே கம்பெனி செய்தது என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது.

உலகம் சுற்றட்டும், நல்லதுதான். எனக்குக் கேட்க இரண்டு விஷயம் உண்டு. மின்வண்டியின் கோளாறு கம்ப்யூட்டரில் தெரிகிறது. அந்தக் கம்ப்யூட்டர் பெரிய ஊர் சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. டிவிஎஸ் 50 எங்களை ரோட்டோரத்தில் முதலாளியாக்கியது போல, ஐக்யூப்பும் ஆக்க வேண்டும். கூட்டேரிப்பட்டு மாதிரி ஒவ்வொரு கூட்ரோட்டிலும் ஒரு பையனுக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்து, அந்தக் கருவியையும் கொடுக்க வேண்டும். திருச்சிற்றம்பலத்தில், வானூர்ப் பக்கம், 2024ல் சிறிய டைடல் பார்க் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் வேலையே கிராமத்துக்கு வரும்போது கம்ப்யூட்டர் வைத்த வண்டியின் வேலை வரக்கூடாதா? இரண்டாவது, சுமை. மூட்டை தாங்குகிற பேட்டரி வண்டி ஒன்றை டிவிஎஸ்ஸும் கொடுக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் லூனா பேட்டரி வண்டியாகத் திரும்பி வந்தது, சுமை வண்டியாகவே. பழைய போட்டிக்காரன் நினைவு வைத்திருக்கிறான்.

என் மகன் டிப்ளமோவில் மின்துறை படித்தவன். பேட்டரி வண்டி வந்தால் நான் அவன் பக்கம் தள்ளிவிடுகிறேன். அவன் மீட்டர் வைத்து ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்க்கிறான். சில வண்டியைச் சரிசெய்துவிடுகிறான். சிலதைத் திண்டிவனத்துக்கு அனுப்பி வைக்கிறான், முகம் வாடி. மேலே சொன்னதை எல்லாம் நான் கேட்பது அந்த முகத்துக்காகத்தான்.

நேற்று விடிகாலை, கடையைத் திறக்கும் முன்பே ரெட்டணைப் பக்கத்துச் சாமந்திக்காரர் ஒருவர் வந்து நின்றார். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸெல் சூப்பர். பின்னால் மூன்று மூட்டை பூ, காலடியில் ஒன்று. இழுவை இல்லை என்றார். சத்தத்தைக் கேட்டதுமே தெரிந்தது, சைலன்சரில் கரி. கழற்ற வேண்டும், சுட வேண்டும், அரை மணி நேரம் ஆகும்.

"மூட்டைய எறக்கி வச்சிடுங்கண்ணே" என்றான் மகன்.

"எறக்குனா திரும்ப ஏத்திக் கட்ட ஆள் இல்ல தம்பி. பூ வேற கசங்கிப் போயிடும். புதுச்சேரி மார்க்கெட்டுக்கு ஏழு மணிக்குள்ள போவணும்" என்றார் அவர்.

அதனால் இறக்கவில்லை. வண்டி சாயாமல் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் மகனும் பிடித்துக்கொள்ள, நான் கீழே படுத்து முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன்.